நாற்பத்தொன்றாம் தாங்கி

இழுத்த இழுப்புக்கு வருவது ரப்பர் என்று
யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
களிமண்ணும்தான் வரும். மென்று துப்பிய சூயிங்கமும் வரும்.
திரும்பிப் போவதுதான் ரப்பர்.

மௌலே ஆற்றுக்குத் தெற்கே ஒரு மருத்துவமனை,
ஐந்து மாடி, இருநூற்றுப் பத்துக் கட்டில்.
அதற்கும் சிலியின் மண்ணுக்கும் நடுவே
அறுபத்து நான்கு ரப்பர் தாங்கிகள்.
வருடத்துக்கு இருமுறை தவழ்ந்து உள்ளே போய்
ஒவ்வொன்றையும் அளப்பது என் வேலை.
முழங்காலில் நான் கட்டும் பட்டையும் ரப்பர்தான்,
மலிவு ரகம், தோலில் கறுப்பு ஒட்டும்.

ஒரு பாளம் ரப்பர், ஒரு தகடு எஃகு,
மறுபடி ரப்பர், மறுபடி எஃகு.
மேலிருந்து அழுத்தினால் பாறை.
பக்கத்திலிருந்து தள்ளினால்
‘சரி, போகலாம்’ என்கிறது.

கலவை ஆலையில் எலியெசெர் இருக்கிறார்,
காதுமடலுக்குப் பின்னால் பதினேழு வருடக் கரித்தூளோடு.
கந்தகம் குறைந்தால் வெயிலில் ஒழுகும் என்பார்,
கூடினால் தலைசீவ ஆகும், சீப்பாக.
நடுவில் ஒரு அளவு உண்டு.
சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே அங்கங்கே ஒரு முடிச்சு,
ஓடிவிடாமலும் மூச்சுமுட்டாமலும்.
அந்த அளவைக் கேட்டால் மட்டும்
தொலைபேசியில் சிக்னல் இல்லை என்பார்.

மாடிகளில் இதே வம்சத்து ஆட்கள் நிறைய:
ஊசிக்குழலின் கறுத்த தலை,
தள்ளுவண்டிச் சக்கரம், மருந்துப் புட்டியின் மூடி,
ஒருமுறை அணிந்து உரித்தெறியும் நீலக் கையுறை,
சமையலறைக் குக்கரின் வளையம்
(கிழிந்துவிட்டது, மாற்று வரவில்லை என்று
ஆறு வாரமாகப் புலம்புகிறார் குஸ்தோதியோ).
அவற்றுக்குத் தங்களுக்குள் அறிமுகமில்லை.

கோப்பைக் கட்டிய ரப்பர் வளையத்தை
வெடுக்கென்று இழுத்து உதட்டில் வைத்துப்பாருங்கள்.
சூடு.
தளரவிட்டு வையுங்கள். குளிர்.
சும்மா இருக்கும் நேரங்களில்
இதைத்தான் செய்துகொண்டிருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழன், பதினொன்று இருபது.
பன்னிரண்டாம் தாங்கியின் விளிம்பில்
ஓசோன் தின்ற மெல்லிய வெடிப்பு, போன வருடமும் இருந்தது.
நாற்பத்தொன்றின் அடியில் மோத்தா தூங்குகிறது,
யாருடைய நாயும் இல்லை அது.
திடீரென்று காது நிமிர்ந்தது, ஓடியது.
எனக்கு ஓட நேரமில்லை.

தரை என்னை உதைத்தது, இடுப்பில், தோளில்.
டார்ச் உருண்டது, அளவுநாடா பாம்பாய் நெளிந்தது.
நான் மண்ணின் கட்சியில் கிடந்தேன்.
என் மூக்குக்கு மேலே ஐந்து மாடியும்
அவசரமில்லாத கப்பலாக
அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது.
நாற்பத்தொன்று சாய்ந்தது,
ஒரு சாணுக்குக் குறையாமல்.
கத்தினேனா தெரியவில்லை.
பிறகு அது, எல்லாம் சேர்ந்து, நிமிர்ந்தது.

நான்காம் மாடியில்
ஊசியை நிறுத்திக் கையைத் தூக்கிக்கொண்டு
நாற்பது நொடி நின்றார்களாம்,
மயக்க மருந்து டாக்டர் ஓரியெத்தா பிறகு சொன்னார்.
அதன் பின் அடுத்த தையல்.
குக்கர் விழவில்லை. குஸ்தோதியோதான் விழுந்தார்.

நடுங்கும் கையால் அளந்தேன்.
பழைய இடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் பாக்கி.
திரும்பிப் போவதுதான் ரப்பர் என்று சொன்னேன்;
முழுக்கவும் திரும்புவதில்லை,
கொஞ்சம் அங்கேயே வைத்துவிட்டு வரும்.

உள்ளங்கையை அதன் விலாவில் வைத்தேன்.
இப்போதுதான் யாரோ எழுந்துபோன
நாற்காலி போல ஒரு வெதுவெதுப்பு.
மாடியேறிப் போயிருக்க வேண்டிய ஒன்று
இங்கேயே சூடாகித் தீர்ந்துகொண்டிருந்தது.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
3 மி.மீ. என்று எழுதி, நேரம் குறித்து,
நாயைத் தேடிப் போனேன்.